கிணற்றுத் தண்ணீரில் ஈயத்தைக் கண்டுபிடிக்க எந்தச் சோடி?

கேள்வி: கிளிநொச்சியில் இறுதி ஆண்டு படிக்கிறேன். எங்கள் பகுதிக் கிணறுகளில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க, புளோரொளிர்வு ஆற்றல் கடத்தலில் (ஒளிரும் மூலக்கூறு ஒன்று தன் ஆற்றலைப் பக்கத்து மூலக்கூறுக்குக் கொடுப்பதில்) இயங்கும் உணரி ஒன்றைச் செய்ய விருப்பம். சியான், மஞ்சள் ஒளிர்புரதச் சோடியைப் பாவிக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் சோடிக்கு ஏற்ற இடம் உயிருள்ள கலத்தின் உட்பகுதி. 1997இல் வந்த கமீலியன் என்ற கல்சிய உணரி அப்படித்தான் பேர் எடுத்தது. மஞ்சள் புரதத்தின் பல வகைகள் குளோரைட்டு கூடினாலும் பிஎச் குறைந்தாலும் மங்கிவிடும். சவர்த் தண்ணீர்க் கிணறுகள் உள்ள ஊரில், ஈயத்தை அளப்பதாக நினைத்து உப்பை அளந்துகொண்டிருப்பீர்கள்.

டிஎன்ஏ நொதியை, அதாவது நொதிபோல் வேலை செய்யும் டிஎன்ஏ இழையை, எடுங்கள். வெட்டுப்படும் இழையின் நடுவில் ஓர் ஆர்என்ஏ அலகு இருக்கும். ஈய அயன் சேர்ந்ததும் நொதி இழை அந்த இடத்தில் வெட்டும். வெட்டுப்படும் இழையின் முனையில் உள்ள சாயத்தின் ஒளியை, அருகில் இருக்கும் அணைப்பான் என்ற மூலக்கூறு அதுவரை அடக்கிவைக்கும். வெட்டுப்பட்டதும் சாயம் உள்ள துண்டு கழன்று ஒளிரும். கையுறை கட்டாயம், விரலில் உள்ள ஆர்என்ஏ நொதியே அந்த இழையை வெட்டிவிடும்.

வடிவமைப்பில் கவனம் முழுக்கத் தூரத்தில்தான். கடத்தல் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. சோடியின் ஃபோர்ஸ்டர் தூரம் 5 நனோமீற்றர் என்றால், அந்த இடைவெளியில் திறன் 50 சதவீதம், 7.5 நனோமீற்றரில் ஏறத்தாழ 8 சதவீதம். டிஎன்ஏயில் ஒரு சோடிக் காரத்துக்கு 0.34 நனோமீற்றர். ஆகவே 20 காரச் சோடிகளின் இரு முனைகளில் சாயத்தையும் அணைப்பானையும் வைத்தால் 6.8 நனோமீற்றர், ஈயம் வருமுன்பே சாயம் ஒளிர்ந்துகொண்டிருக்கும். அணைப்பானை நொதி இழையில், சாயத்துக்குப் பக்கத்து முனையில் வையுங்கள். (இவ்வளவு நெருக்கத்தில் ஆற்றல் கடத்தலோடு தொட்டு அணைத்தலும் சேர்கிறது. உங்களுக்கு அது இலாபம்தான்.) சாய இழையின் மறுமுனையில் இன்னோர் அணைப்பான் போட்டால், சோடி சேராமல் மிதக்கும் இழைகளின் பின்னணி ஒளியும் அடங்கும்.

அடுத்த வில்லங்கம் வன்னீர். பலரும் எடுக்கும் 8-17 நொதி கல்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் கொஞ்சம் வெட்டும். கேத்தலில் வெள்ளையாகப் படியும் தண்ணீருக்கு ஜிஆர்-5 நொதிதான் பொருத்தம். ஈயத்தைப் பிரித்தறிவதில் அது மேல். தாங்கற்கரைசலில் பொஸ்பேற்று வேண்டாம், ஈயத்தை வீழ்படிவாக்கிவிடும், ஹெப்பீஸ் என்ற தாங்கற்பொருள் போதும். மாதிரியை அமிலமிட்டு வைத்திருந்தால் அளக்குமுன் நடுநிலையாக்குங்கள். அமிலத்தில் ஃபாம் என்ற ஒளிர்சாயமும் மங்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 10 மைக்குரோகிராம், அதாவது சுமார் 48 நனோமோலார். அளவுகோட்டைக் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் வரையாதீர்கள். அதே கிணற்று நீரில் தெரிந்த அளவு ஈயத்தைப் படிப்படியாகச் சேர்த்து வரையுங்கள். இன்னொரு குப்பியில், உலோக அயன்களைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ இட்டுப் பாருங்கள், அங்கும் ஒளி கூடினால் வெட்டியது ஈயம் அல்ல.