கோல் அதிகம், கோப்பை இல்லை!

கேள்வி: 2006-07 லா லிகா (ஸ்பெயினின் முதல்நிலைக் கால்பந்து லீக்) சீசனில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டுக்கும் 76 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் (போட்ட கோல்களில் வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது) பார்சிலோனாதான் முன்னிலை. பிறகு எப்படி மாட்ரிட் சாம்பியன்?

பதில்: இங்கிலாந்தாக இருந்தால் கோப்பை பார்சிலோனாவுக்குத்தான். அங்கே முதலில் பார்ப்பது மொத்த கோல் வித்தியாசம். 2011-12இல் மான்செஸ்டரின் இரு அணிகளான சிட்டியும் யுனைடெட்டும் 89 புள்ளிகளில் நின்றபோது, +64க்கு +56 என்று சிட்டி யுனைடெட்டை முந்தியது அப்படித்தான்.

ஸ்பெயினில் இரண்டு அணிகள் சமமானால், அவை நேருக்கு நேர் மோதிய இரு ஆட்டங்களே முதல் கணக்கு. மாட்ரிட்டில் 2-0 என்று மாட்ரிட்டுக்கு வெற்றி, பார்சிலோனாவில் 3-3 டிரா. ஆக மாட்ரிட்டுக்கு 4 புள்ளி, பார்சிலோனாவுக்கு 1. (அந்த 3-3இல் பார்சிலோனாவின் மூன்று கோலும் மெஸ்ஸி போட்டவை, பாவம்!) அந்த நேருக்கு நேர் புள்ளிகளும் சமமானால் அவ்விரு ஆட்டங்களின் கோல் வித்தியாசம், அதற்கும் பிறகே சீசன் முழுவதின் கோல் வித்தியாசம்.