1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் உடையை அச்சு அசலாகச் செய்ய பழைய பாகங்களைத் தேடி அலையத்தான் வேண்டுமா? 3டி பிரிண்ட் போதாதா?

எல்லாப் பாகமும் பழையதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றாவது அசல் பாகமாக உங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதல் படம் என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள், எந்தக் கதாபாத்திரம் என்று சொல்லவில்லை. துணி வேலை பாதி முடிந்திருக்கும். இடுப்பில் தொங்கும் லைட்சேபர் என்ற ஒளிவாளின் பிடிக்கு இணையத்தில் ஒரு ஃபைலை இறக்கிப் பிரிண்ட் போட்டிருப்பீர்கள். யாரோ அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "படத்தில் இருக்கிற மாதிரி இல்லையே" என்று சொல்லியிருப்பார். இந்தக் கேள்வியைக் கேட்கிற பலரும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள், அதனால் உங்களையும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

3டி பிரிண்டைக் குறை சொல்ல வரவில்லை. என்னிடமும் பிரிண்டர் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. நான் சொல்ல வருவது அளவைப் பற்றி.

அந்தப் படத்தின் பொருட்கள் எப்படிச் செய்யப்பட்டன என்று பாருங்கள். 1976-ல் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் வேலை நடந்தது. பட்ஜெட் இறுக்கம். செட் அலங்காரத்தைக் கவனித்த ரோஜர் கிறிஸ்டியன், பல பொருட்களைப் புதிதாக வார்க்காமல் கிடைத்த பழைய சாமான்களைச் சேர்த்து ஒட்டியே உருவாக்கினார். படத்தின் நாயகன் லூக்கின் லைட்சேபருக்காக அவர் லண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடைக்குப் போனார். அங்கே கிடைத்தது கிராஃப்ளெக்ஸ் என்ற கேமரா நிறுவனத்தின் ஃபிளாஷ் கன்னின் பேட்டரிக் குழாய். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பெரிய பிரஸ் கேமராவின் பக்கவாட்டில் மாட்டிக்கொள்வார்களே, அதேதான். அதன் ஒரு முனையைச் சுற்றி டி வடிவப் பிளாஸ்டிக் பட்டைகளை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினார். வெள்ளைக் கவசம் போட்டு வரும் ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரர்களின் துப்பாக்கிக் குழலிலும் அதே பட்டைதான் இருக்கிறது. குழாயின் நடுவில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பில் ஒரு கால்குலேட்டர் டிஸ்ப்ளேயின் லென்ஸ் துண்டைச் செருகினார். அது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் எக்ஸாக்ட்ரா வகை கால்குலேட்டர், சின்னச் சிவப்பு எண்களைப் பெரிதாகக் காட்ட அவற்றின் மேல் வரிசையாகக் குமிழ் குமிழாக ஒரு லென்ஸ் இருக்கும். கீழே இடுப்பில் மாட்ட ஒரு வளையம். அவ்வளவுதான் லூக்கின் லைட்சேபர். இந்தப் படத்தின் கலை இயக்கத்துக்காக 1978-ல் ஆஸ்கர் வாங்கிய குழுவில் கிறிஸ்டியனும் ஒருவர்.

ஆகவே, திரையில் நீங்கள் பார்ப்பது ஒருவர் வரைந்த டிசைனை அல்ல, ஒரு தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து விற்ற பொருளை. அதன் அளவு எங்கோ இன்னும் அப்படியே இருக்கிறது. இணையத்தில் சுற்றும் ஃபைல்களில் சில அசலை அளந்து செய்தவை, நல்லவை. மற்றவை புகைப்படத்தைப் பார்த்துக் கணித்தவை, அல்லது வேறொரு நகலை அளந்தவை. ரெசினில், அதாவது ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக் திரவத்தில், வார்த்த நகலும் அப்படித்தான். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். நகலுக்கு அச்செடுத்து இன்னொரு நகல் வார்த்தால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது. பெல்ட்டில் மாட்டி நின்றால் ஏதோ இடிக்கும், எது என்று சொல்லவும் வராது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் செய்தது லூக்கின் உடை, முதல் படத்தில் பாலைவனக் கிரகத்தில் போட்டிருப்பாரே, அது. என்னிடம் இருக்கும் கிராஃப்ளெக்ஸ் குழாய், ஓய்வுபெற்ற ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் கொடுத்தது. கேமரா எப்போதோ போய்விட்டது, ஃபிளாஷ் மட்டும் ஒரு துணிப்பையில் இருந்தது. எதற்கு வேண்டும் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். படத்தை அவர் பார்த்ததில்லை. போனில் ஒரு படத்தைக் காட்டியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகு நேரம் பார்த்தார். "ஆமாம் தம்பி, இது நம்ம ஃபிளாஷ்தான். தலைகீழா பிடிச்சிருக்கான்" என்றார். பிறகு அதை எப்படிப் பிடிப்பார்கள் என்று செய்து காட்டினார். இடது கை குழாயைச் சுற்றிக்கொண்டது, கட்டை விரல் தானாகச் சிவப்புப் பட்டனுக்குப் போய் நின்றது. ஒரு பல்பு ஒரு முறைதான் எரியும், அடுத்த படத்துக்குள் சூடான பல்பைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும் என்றார். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை. "வெட்டிடாதே. வேற என்ன வேணா பண்ணிக்கோ."

குழாய் பித்தளை, மேலே வெள்ளி நிற முலாம். பட்டனுக்குப் பக்கத்தில் கட்டை விரல் அமரும் இடத்தில் முலாம் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. கிளாம்ப்பின் நெம்புகோல் நுனியிலும் அப்படியே. குழாயின் நடுப்பகுதியிலோ ஒரு கீறல்கூடக் கிடையாது, உள்ளங்கை மூடிக்கொள்கிற இடம் அது. பிரிண்ட் எடுத்ததற்குப் பழமை ஏற்றுகிறவர்கள் வெள்ளிப் பெயின்ட் மேல் கறுப்பைப் பூசி எல்லா இடத்திலும் சமமாகத் துடைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உழைத்த பொருள் அப்படித் தேயாது. விரல் உரசும் இடம் தேயும், உரசாத இடம் மங்கும். இந்த ஒரு விஷயத்தை அந்தக் குழாயிலிருந்து கற்றுக்கொண்ட பிறகு, நான் பெயின்ட் அடித்த மற்ற எல்லாப் பொருட்களும் மாறிவிட்டன.

முக்கியமானது இனிமேல்தான். அந்தக் குழாய்க்குள் மூன்று டி அளவு பேட்டரிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும். ஒரு டி பேட்டரி ஏறக்குறைய 34 மில்லிமீட்டர் விட்டம், 61 மில்லிமீட்டர் நீளம். இன்றும் எங்கும் கிடைக்கிறது, அளவு மாறவில்லை. அதாவது குழாய் கிடைப்பதற்கு முன்பே அதன் உள்விட்டத்தை உங்களால் ஓரளவு சொல்லிவிட முடியும். குழாய் கையில் வந்த பிறகு வெளிவிட்டமும் துல்லியமாகத் தெரிந்துவிடும். அப்புறம் படத்தில் லைட்சேபர் இடுப்பில் தொங்கும் ஒரு ஃபிரேமை எடுத்து நிறுத்துங்கள். கையில் நீட்டிப் பிடித்திருக்கும் ஃபிரேம் வேண்டாம், கேமராவுக்குக் கிட்டே வந்துவிடுவதால் பெரிதாகத் தெரியும். இடுப்பில் தொங்கும்போது குழாயும் பெல்ட்டும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும். திரையில் குழாயின் அகலம் எத்தனை பிக்சல், நிஜத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தால் அந்த விகிதத்தில் பெல்ட்டின் அகலம் வரும், கொக்கி வரும், பையின் உயரம் வரும். பெல்ட்டிலிருந்து சட்டையின் மடிப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதும் வரும். நான் அப்படித்தான் முழு உடையையும் அளந்தேன். பெல்ட்டுக்கு வெட்டி வைத்திருந்த தோலைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாக வெட்டினேன். நடிகரின் உயரத்தை வைத்து அளக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அவர் நிற்கும் விதம், செருப்பின் உயரம், கேமராவின் கோணம் எல்லாம் அதில் கலந்துவிடும். பித்தளைக் குழாய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒரு அசல் பாகமாவது வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்குத்தான். அதை நீங்கள் சொந்தமாக்கிக்கொள்ளக்கூட வேண்டாம். வைத்திருப்பவரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்து அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் சரிதான்.

இங்கே பழைய கேமரா பிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். "உங்களைப் போன்றவர்கள் வாங்கிப் பட்டையை ஒட்டி நாசமாக்கியதால்தான் எங்கள் கேமராவுக்கு ஃபிளாஷ் கிடைப்பதில்லை" என்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் அந்தக் குழாயில் துளை போடவில்லை, சூப்பர் க்ளூவும் போடவில்லை. டி பட்டைகளை மெல்லிய இருபக்க டேப்பில்தான் ஒட்டியிருக்கிறேன், வளையமும் கிளிப்பில்தான் நிற்கிறது. எல்லாவற்றையும் கழற்றினால் அது மறுபடியும் ஃபிளாஷ். குமிழ் லென்ஸ் நகல்தான், அதற்காக ஓடுகிற கால்குலேட்டரை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. "அப்படியானால் முழு அசல் இல்லையே" என்று உடை செய்கிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். வரட்டும். பெரியவருக்குக் கொடுத்த வாக்கு எனக்குப் பெரிது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. ஒரு ரசிகர் மாநாட்டில் உடைப் போட்டிக்கு இதைப் போட்டுக்கொண்டு போனேன். நடுவர் லைட்சேபரை வாங்கிப் பார்த்துவிட்டு, பட்டைகளுக்கு இடையே இடைவெளி சமமாக இல்லை, உலோகம் பழசாக இருக்கிறது, வேலைத்திறன் குறைவு என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். அசலில் பட்டைகள் கையால் ஒட்டப்பட்டவை. இடைவெளி சமமாக இருக்காது. அந்தச் சமமின்மையை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து, எந்தப் பட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொண்டுதான் ஒட்டினேன். படங்களை எடுத்துக் காட்டினேன். நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பளபளவென்று லேத்தில் கடைந்த ஒன்றுக்குப் பரிசு போனது. அதைச் செய்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அருமையான வேலை அது. ஆனால் "திரையில் உள்ளபடி" என்ற பிரிவில் நடுவராக உட்காருகிறவர் திரையைப் பார்த்துவிட்டு வர வேண்டாமா?

அதே மாநாட்டில் என் லைட்சேபரைப் படமெடுத்த யாரோ, அந்தப் படத்தையே போட்டு ஒரு நகலை "அசல் பழையது" என்று விற்பனைக்கு வைத்தார்கள். வாங்கி ஏமாந்தவர் தேடிப் பிடித்து என்னிடம் நியாயம் கேட்டார். நான் என்ன செய்ய முடியும்? அன்றிலிருந்து முழுப் படம் எதையும் நான் பொதுவில் போடுவதில்லை. நீங்களும் வாங்கும்போது குழாயின் உள்பக்கப் படத்தையும், அடிப்பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கும் இடத்தின் படத்தையும் கேளுங்கள். விற்பவர் உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பட்டும். அசலை வைத்திருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை.

உங்கள் கதாபாத்திரம் லூக்கின் குருவான ஓபி-வான் என்றால் கதை வேறு. அவருடைய லைட்சேபர் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத பொருட்களின் கூட்டு: ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் இன்ஜினின் ஒரு குழாய், முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் ரைஃபிள் கிரனேடின் பாகம், பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கியின் பூஸ்டர் என்ற குழல்முனைப் பாகம், ஒரு கிராஃப்ளெக்ஸ் கிளாம்ப், அடியில் குளியலறைக் குழாயின் கைப்பிடி. இதில் எல்லாவற்றையும் அசலாகத் தேடினால் வாழ்க்கை போய்விடும். கிளாம்ப்பை மட்டும் அசலாக வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு அசலை அளந்து கடைந்த நகல்களை வாங்குங்கள். கிரனேடு, துப்பாக்கிப் பாகம் என்று எதையும் அசலாக வாங்கவே போகாதீர்கள், சட்டச் சிக்கல் வரும். ஹான் சோலோ என்றாலும் இதேதான். அவருடைய துப்பாக்கிக்கு அடிப்படை மௌசர் சி96 என்ற உண்மையான கைத்துப்பாக்கி. நகல்தான் வழி.

துணிக்குப் பழசு தேட வேண்டாம். நெசவும் கனமும் பொருந்தினால் புதுத் துணியே போதும், துவைத்து, தேய்த்து, வெயிலில் போட்டுப் பழசாக்கிக்கொள்ளலாம். படத்திலும் துணி விஷயத்தில் அவ்வளவு பவித்திரம் பார்க்கவில்லை. ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸ் போட்டிருந்த பழுப்பு அங்கி படத்துக்குப் பிறகு வாடகை உடைக் கிடங்குக்கே திரும்பிப்போய், என்ன என்று தெரியாமலே பல வருடம் மற்ற உடைகளோடு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது. அடையாளம் தெரிந்த பிறகு 2007-ல் லண்டன் ஏலத்தில் 54,000 பவுண்டுக்குப் போனது. வாடகைக் கிடங்கில் கலந்துவிடும் அளவுக்குச் சாதாரணமான அங்கிதான் அது.

எந்தக் கதாபாத்திரம் என்று சொல்லுங்கள். லூக் என்றால் குழாய், பெல்ட், பை மூன்றுக்கும் நான் எடுத்து வைத்த அளவுகள் இருக்கின்றன, அப்படியே தருகிறேன். அதற்குள் தோலை வெட்டிவிடாதீர்கள்.