படகுக்குப் பக்கத்தில் வந்து கழன்றுவிடும் கிராப்பி: ராடா, நரம்பா?

கிராப்பி (வட அமெரிக்க நன்னீர் மீன்) படகோரம் வந்து முள்ளிலிருந்து கழன்றுவிடுகிறது, தப்பு ராடிலா (தூண்டில் கம்பு), நரம்பிலா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தூண்டில் நரம்பை மாற்றுங்கள். 10 பவுண்டு பிரெய்டை (பின்னிய நரம்பு) எடுத்துவிட்டு 6 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நரம்பு) போடுங்கள்; பவுண்டு என்பது நரம்பு தாங்கும் இழுவிசை. ராடும் உங்கள் 7 அடி மீடியம் (நடுத்தர விறைப்பு) வேண்டாம். 10 அடி லைட் (விறைப்பு குறைந்தது), நுனி நன்றாக வளைகிற மாதிரி வாங்குங்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள கிரெனடா ஏரியில் படகு முனையிலிருந்து நேராகக் கீழே ஜிக் (ஈயத் தலை வைத்த முள்) இறக்குவதற்கு அந்த நீளம் சரியாக இருக்கும், மீனும் மிரளாது.

கிராப்பியின் வாயோரம் காகிதம் போல மெல்லியது. பிரெய்டு கொஞ்சமும் நீளாது, விறைப்பான ராடும் வளைந்து கொடுக்காது. வெடுக்கென்று இழுத்தால் முள் குத்திய ஓட்டை கிழிந்து பெரிதாகும், படகோரம் மீன் தலையை உதறும்போது முள் வெளியே வந்துவிடும்.

அடுத்த முறை பிடிபடும் மீனின் வாயைப் பாருங்கள். முள் இருந்த இடம் நீளக் கீறலாக இருந்தால் காரணம் இதுதான். சின்ன ஓட்டையாகவே இருந்தால் முள் மழுங்கிவிட்டதா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும், கைவலை இல்லாமல் ராடாலேயே தூக்கிப் படகில் போடாதீர்கள். பெரிய மீன்கள் போவது அந்த நொடியில்தான்.

ஒன்று மட்டும்: மூழ்கிய மரக்கிளைகளுக்கு நடுவே பிடிப்பதானால் 6 பவுண்டு அறுந்துகொண்டே இருக்கும். அங்கே 8 அல்லது 10 பவுண்டு மோனோவும் மெல்லிய கம்பி முள்ளும் போடுங்கள். சிக்கினால் நிதானமாக இழுங்கள், பெரும்பாலும் முள் விரிந்து ஜிக் திரும்பி வரும். அப்புறம் இடுக்கியால் வளைத்துக்கொள்ளலாம்.