கண்ணைத் திருப்பினால் தலைக்குள் ஷாக்

மனச்சோர்வு, பதற்றத்துக்குக் கொடுக்குற பராக்ஸெட்டின் 25 சி.ஆர். (25 மி.கி., மெல்லக் கரையுற வகை) மாத்திரையைத் திடீர்னு நிறுத்தி ஆறே நாள்ல, கண்ணை ஓரமாத் திருப்பினாலே தலைக்குள்ள ‘சுர்’னு கரண்ட் அடிக்குது, மாட்டுத்தாவணி பஸ்ல கிறுகிறுங்குதுன்னு எழுதியிருக்கீங்க. பெரும்பாலும் இது மாத்திரையைச் சட்டுனு விட்டதோட விளைவுதான். இந்த மருந்துல பாதி சுமார் 15-20 மணி நேரத்துல உடம்பை விட்டுப் போயிடும். மூளை பழகிக்க அவகாசமே இருக்காது. இதே வகையில, உடம்பை விட்டு மெதுவா இறங்குற ஃப்ளூவாக்ஸெட்டின் மருந்துல இந்தத் தொல்லை குறைவு.

சி.ஆர். மாத்திரையை உடைச்சுப் போட்றாதீங்க, மெல்லக் கரையுற அமைப்பே கெட்டுடும். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறதும் சரியில்ல, அளவு ஏறி இறங்கும். எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட, இல்லைன்னா பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுல, 25ஐ மறுபடி தொடங்கி 12.5க்கு இறங்கலாமான்னு கேளுங்க. அதுவரை டூவீலர் எடுக்காதீங்க. வலிப்போ, ஒருபக்கம் மரத்துப்போறதோ வந்தா உடனே 108. மனசு ரொம்பக் கலங்கினா ராத்திரியானாலும் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்க.