12 வருடம் விபத்தில்லாமல் பைக் ஓடியவருக்கும் பயிற்சி தேவையா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். 150 சிசி பைக்கில் 12 வருடமாகக் கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். இதுவரை விபத்து இல்லை. தம்பி லைசன்ஸ் எடுத்து ஆறு மாதம், ஸ்கூட்டி ஓடுகிறான். ஒருநாள் மேம்பட்ட ஓட்டுப் பயிற்சிக்கு இருவரையும் கூப்பிடுகிறார்கள். எனக்கு அது தேவையா, தம்பியை மட்டும் அனுப்பினால் போதுமா?

பதில்: இருவரும் போங்கள். ஒருவருக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் தம்பி போகட்டும், ஓடத் தொடங்கிய முதல் ஓரிரு வருடங்களில்தான் ஆபத்து அதிகம். ஆனால் உங்களுக்குத் தேவையில்லை என்று முடிவெடுத்துவிடாதீர்கள். நீங்கள் தினமும் பிறேக் பிடிக்கிறீர்கள், சரி. பைக் தரக்கூடிய முழுப் பிறேக்கையும் எத்தனை தடவை பிடித்திருப்பீர்கள்? பலர் ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. ஆபத்து வரும் கணத்தில் கை பழகியதைத்தான் செய்யும்.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. விபத்துக்கு முன் ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 செக்கனுக்கும் குறைவு. அந்த நேரத்தில் பலர் பின் பிறேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சில்லை வழுக்கவிட்டார்கள். முன் பிறேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. கொழும்பு–காலி வீதியில் இன்றும் இதே தவறைத்தான் பார்க்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில், கண்டு பிறேக்கைத் தொட 1 செக்கன் எடுத்தால் அதற்குள்ளேயே 14 மீற்றர் போய்விடும். உலர்ந்த தாரில் நன்றாகப் பிறேக் பிடித்தால் இன்னும் 14 மீற்றர். மொத்தம் 28. அதே இடத்தில் 60இல் வந்தவர் அந்த 28ஆவது மீற்றரில் இன்னும் ஏறத்தாழ 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். முன்னால் பஸ் நின்றால் அந்த 40இல்தான் மோதுவார்.

முன் பிறேக்கைத் திடீரென்று இறுக்கினால் சில்லு சுழலாமல் பூட்டிக்கொண்டு விழுத்தும் என்ற பயம் நியாயமானது. பாரம் முன் டயருக்கு வந்து சேருமுன் இறுக்குவதுதான் அதற்குக் காரணம். முதலில் லீவரின் தளர்வை எடுத்து, முன் சொக் அப்சோபர் அமிழும்வரை மெதுவாக அழுத்துங்கள். அமிழ்ந்ததும் டயர் தரையை இறுகப் பிடித்திருக்கும். அதன்பின் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போகலாம். இவ்வளவும் அரை செக்கனுக்குள் நடக்க வேண்டும். பின் பிறேக் மெல்லிய துணை மட்டுமே, ஏனென்றால் அந்நேரம் பின்சில்லில் பாரம் குறைவு. முன்சில்லு பூட்டினால் உடனே விட்டுத் திரும்பப் பிடியுங்கள். ஏபிஎஸ் (சில்லு பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் லீவர் அதிர்ந்தாலும் விடாதீர்கள்.

மைதானத்தில் 20இல் தொடங்கி 30, 40 என்று கூட்டுங்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அங்கிருந்து பிறேக் பிடித்தால், 40இல் சுமார் 9 முதல் 10 மீற்றருக்குள் நிற்க வேண்டும். பழகாதவருக்கு 15 மீற்றர்கூட ஆகும். பத்துப் பன்னிரண்டு தடவை செய்தாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்கூட்டி ஓடும் தம்பிக்கு வேறொரு சிக்கல். பின் பிறேக் இடது கை லீவரில் இருப்பதால் சைக்கிள் பழக்கத்தில் அதையே பிடிப்பார்கள். வலது கை முன் பிறேக்கைத் தொடுவதே இல்லை. அவருக்கு முதல் பாடம் இரு லீவரையும் சேர்த்துப் பிடிப்பது. அடுத்தது பார்வை. பயத்தில் கண் தடுப்பில் ஒட்டிக்கொண்டால் வண்டியும் அங்கேயே போகும், ஆகவே தப்பிப்போகும் இடைவெளியைப் பார்க்கப் பழக்க வேண்டும்.

கொழும்பில் பார்வைக்கு வேலை நிறைய. முன்னால் போகும் ஓட்டோ சிக்னல் போடாமல் திரும்பலாம், ஆனால் அதன் முன்சில்லு உடம்புக்கு முன் திரும்பும். அந்தச் சில்லைப் பாருங்கள். நிற்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் நுழையாதீர்கள், இறங்குபவர் உங்களைக் காணமாட்டார். மழையின் முதல் 10, 15 நிமிடம்தான் மோசம்: தாரில் ஊறிய எண்ணெய் மேலே வரும். பாதசாரிக் கடவையின் பெயின்ற், மேன்ஹோல் மூடி, ரயில் தண்டவாளம் மூன்றிலும் பிறேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம். தண்டவாளத்தை முடிந்தவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும்.

பயிற்சி எடுத்தால் விபத்து குறையும் என்று ஆய்வுகள் உறுதியாக நிறுவிவிடவில்லை. குறிப்பாக, சறுக்கலையும் சாய்வையும் மட்டும் பழக்கும் வகுப்பு துணிச்சலைத்தான் கூட்டும். அதனால் காசு கட்டுமுன் சில கேள்விகள் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? ஐந்து ஆறு பேருக்கு மேல் என்றால் உங்கள் தவறைக் கவனிக்க அவருக்கு நேரம் இராது. மைதானத்தோடு முடிகிறதா, அல்லது பின்னால் வந்து வீதியில் உங்கள் ஓட்டத்தைப் பார்த்துச் சொல்வார்களா? பழைய ஓட்டுநரான உங்களுக்கு அந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம். பத்து வருடப் பழக்கத்தைத் தன் கண்ணால் காண முடியாது, பின்னால் வருபவருக்குத்தான் தெரியும். சொந்த பைக்கிலேயே பழக அனுமதிக்காத வகுப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

போகும் காலையில் டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில், பைக்கில் ஒட்டியுள்ள தாளில் உள்ள அளவுக்கு வையுங்கள். முன்பிறேக் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு வந்தால் பிறேக்கைச் சரிபார்த்த பிறகே வகுப்புக்குப் போங்கள்.