கரும்பலகை: வாங்குவதா, செய்வதா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஆளுக்கொரு நேரத்தில் வேலைக்குப் போய் வருகிறோம். தண்ணீர் லாரி வரும் நாள், சிலிண்டர் பதிவு செய்த தேதி, மாமியாரின் மருந்து என எல்லாவற்றையும் எழுதிவைக்கக் கூடத்தில் சட்டம் போட்ட கரும்பலகை ஒன்றை மாட்ட நினைக்கிறேன். இரண்டடிக்கு ஒன்றரை அடிப் பலகைக்கு ஆன்லைனில் 1,400 ரூபாய் கேட்கிறார்கள். நாமே செய்தால் மிச்சமாகுமா? பழைய போட்டோ பிரேம் ஒன்று கைவசம் உள்ளது. அதன் கண்ணாடியிலேயே பெயின்ட் அடித்துவிடலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மிச்சமாகும். ஆனால் பணத்தைச் சட்டத்தில் கொட்டாமல் பலகையில் போடுங்கள். ஆன்லைன் படத்தில் கண்ணைப் பறிப்பது சட்டம்தான். சாக்பீஸ் ஓடப்போவதோ உள்ளே இருக்கும் பலகையில். விவரக் குறிப்பில் எம்.டி.எப். என்று இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். மரநாரை அழுத்திச் செய்த அந்த அட்டை, ஓரத்தில் ஈரம் ஏறினால் உப்பிவிடும். பிறகு காய்ந்தாலும் பழையபடி ஆகாது. கடற்காற்று வீசும் தெருவில், அதுவும் ஐப்பசி மழையில், அதை நம்ப முடியாது.

ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் போதும். ஐ.எஸ். 303 (பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரையில் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என இரண்டு தரங்கள் உண்டு. ஈரத்தைக் கூடுதலாகத் தாங்குவது இரண்டாவது. ஐ.எஸ். 710 கடல் தரம், இந்த வேலைக்கு அவ்வளவு தேவையில்லை. முழுப் பலகை எட்டுக்கு நான்கடி என்பதால் வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளில் மீதித் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அளவைச் சொல்லி அங்கேயே அறுத்து வாங்கிவிடுவது நல்லது.

கண்ணாடியை விட்டுவிடுங்கள். அந்த வழவழப்பில் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, துடைக்கத் துடைக்க உரியும். பிரேமை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதன் பின்புறப் பள்ளம் மெல்லிய கண்ணாடிக்கும் அட்டைக்கும் வெட்டியது; ஆறு மில்லிமீட்டர் பலகை அதில் அடங்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். அடங்காவிட்டால் தேவராஜ முதலி தெருவில் சட்டம் போடுபவர்களிடம் பலகையையே கொடுத்துவிடுங்கள்.

பலகையை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் அடியுங்கள். விளிம்புகளையும் பின்பக்கத்தையும் விடக் கூடாது. ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். அதன்மேல் கரும்பலகைக்கென்றே விற்கும் பெயின்ட்டை இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள்; முதல் பூச்சு நெடுக்கில் என்றால் அடுத்தது குறுக்கில். வீட்டில் மிஞ்சிய பளபளப்பான கறுப்பு எனாமல் உதவாது, சாக்பீஸ் வழுக்கும். பழைய பள்ளிக்கூடங்களில் கோவைக்கொடி இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசுவார்கள். அது அழகான கறுப்புதான், ஆனால் அடிக்கடி பூசச் சொல்லும்.

பலரும் அவசரப்படுவது இதற்குப் பிறகுதான். டப்பாவில் போட்டிருக்கும் காலம்வரை, பொதுவாக மூன்று நாளாவது, காயவிட வேண்டும். பிறகும் உடனே எழுதக் கூடாது. சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். நுண்துளைகளில் அந்தத் தூள் முதலில் நிரம்பிவிட்டால், பின்னால் எழுதுவது தடமில்லாமல் அழியும். இதைச் செய்யாமல் முதல் நாளே ‘லாரி வெள்ளிக்கிழமை’ என்று எழுதினால், அந்த வெள்ளிக்கிழமை மாதக்கணக்கில் மங்கலாகத் தெரிந்துகொண்டிருக்கும். திரவ சாக் பேனாவும் இப்படித்தான் கறை விடும். மூலையில் சோதிக்காமல் எழுதாதீர்கள்.

மாட்டுவதற்குப் பித்தளை அல்லது எவர்சில்வர் திருகாணி வாங்குங்கள், இரும்பு துருப்பிடிக்கும். அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் மேலே வேண்டாம். ‘தூசியில்லாத’ சாக்பீஸிலும் தூசி உண்டு. துகள் கனமாக இருப்பதால் பறக்காமல் கீழே விழுகிறது, அவ்வளவே.

கேள்வி: கரும்பலகை பெயின்ட் வாங்கினேன். திறந்தால் அடியில் கல்லாக இறுகிக் கிடக்கிறது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கையை விரிக்கிறார்.
– வாசகர், ராயபுரம்

பதில்: அந்த வரியைப் பார்த்துத் தயங்க வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும். நிறம் பிடிக்கவில்லை, அளவு தவறிவிட்டது என்பதெல்லாம் இதில் சேராது. அது கடைக்காரர் மனம் வைத்தால்தான்.

டப்பாவில் தயாரித்த மாதம், ஆண்டு, புகார் தொடர்பு விவரம் இருக்கும். இறுகிய பெயின்ட்டோடு அவற்றையும் படமெடுத்துக்கொண்டு, தயாரிப்பாளரிடமும் புகார் செய்யுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் போக வேண்டியிருந்தால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.