கும்பாபிஷேகப் பத்திரிகையில் கட்சிப் பதவி

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு வரும் தை மாதம் கும்பாபிஷேகம். அறநிலையத்துறைக் கோயில்தான், ஆனாலும் திருப்பணி வேலை முழுக்க ஊர்க்காரர்கள் குழு போட்டுச் செய்கிறோம். நான் பொருளாளர். அன்னதானத்துக்கு வேண்டிய அரிசி மொத்தமும் தருவதாக ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் சொல்லியிருக்கிறார். பத்திரிகையில் அவர் பெயர் கட்சிப் பதவியோடு வர வேண்டுமாம், மேலே தலைவர் படமும் வேண்டுமாம். "கோயிலுக்குள்ள கட்சி நுழையவே கூடாது" என்கிறார் என் பெரியப்பா. என் மச்சானோ, "அறநிலையத்துறையே அரசாங்கம்தானே? அமைச்சர் வந்து வடம் பிடிச்சா பக்தி, இவரு பேரு போட்டா மட்டும் அரசியலா? முதல்ல அரசாங்கத்தைக் கோயிலை விட்டு வெளியே போகச் சொல்லு" என்கிறார். இரண்டு பேரும் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மதத்தையும் அரசியலையும் உண்மையிலேயே பிரிக்க முடியுமா? நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: பத்திரிகையில் பதவியும் போடாதீர்கள், படமும் போடாதீர்கள். உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். எப்படிச் சமாளிப்பது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். உங்கள் மச்சான் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. அதைத் தட்டிக்கழித்துவிட்டு மேலே போவது சரியாகாது.

அவர் சொல்லும் பிரிவினையை நம் ஊரில் ஒருமுறை செய்து பார்த்தாயிற்று. செய்தது கிழக்கிந்தியக் கம்பெனி. 1817-ல் சென்னை ராஜதானியில் ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் போட்டு, கோயில், சத்திரம், மானிய நிலம் எல்லாவற்றின் மேற்பார்வையையும் வருவாய் வாரியத்திடம் கொடுத்தார்கள். கலெக்டர் கோயில் கணக்குப் பார்த்தார், தேர்த்திருவிழா நடத்தினார், வடம் பிடிக்கக் கிராமங்களிலிருந்து ஆள் அனுப்பச் சொன்னார். இங்கிலாந்தில் இருந்த பாதிரிமார்கள் கொதித்துப்போனார்கள். கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரக ஆராதனைக்குத் துணை போகலாமா என்று கேட்டார்கள். கிறிஸ்தவச் சிப்பாய்களைக் கோயில் விழா அணிவகுப்புக்கு அனுப்புவதை எதிர்த்து, சென்னைப் படையின் தலைமைத் தளபதி பெரெக்ரின் மெய்ட்லண்ட் 1838-ல் பதவியையே விட்டு விலகினார். கம்பெனிக்கு இந்த வம்பு வேண்டாம் என்று ஆகிவிட்டது. 1840-களில் மெல்லக் கையைக் கழுவத் தொடங்கினார்கள். 1863-ல் வந்த சட்டம், கோயில்களை உள்ளூர்க் குழுக்களிடமும் தர்மகர்த்தாக்களிடமும் முழுதாக ஒப்படைத்துவிட்டது.

மச்சான் கேட்கும் ஏற்பாடு ஏறக்குறைய இதுதான். அறுபது வருஷம் இருந்தது. கோயில் நிலம் தர்மகர்த்தாவின் உறவினர் பெயருக்குப் போனது, குத்தகை நெல் களத்திலேயே காணாமல் போனது, கணக்கு கேட்டவர் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வாசல் வழியாக வெளியே போன அரசாங்கம் வழக்கு வழியாக உள்ளே வந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் வைணவப் பிரிவுகளான வடகலையா தென்கலையா, யார் முதலில் பாடுவது என்பதை வெள்ளைக்கார நீதிபதி உட்கார்ந்து கேட்டார். கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் 1897-ல் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். அது மதுரை, சென்னை என்று ஏறி, 1908-ல் அன்றைய கடைசி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. நாடார்களுக்கு அந்தக் கோயிலுக்குள் போக உரிமையில்லை என்று, கமுதி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத கனவான்கள் தீர்ப்பு எழுதினார்கள். மதத்தில் தலையிடமாட்டேன் என்று சொன்ன அரசாங்கத்தின் நீதிமன்றம் அது!

இந்தக் குழப்பத்திலிருந்துதான் நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது, 1925-ல் இந்து சமய அறநிலையச் சட்டம் வந்தது. அப்போதும் "மதத்தில் அரசு தலையிடுகிறது" என்று பெரிய எதிர்ப்பு. இன்று நடப்பில் உள்ள சட்டம் 1959-ல் போடப்பட்டது. கோயில் என்பது சாமி மட்டும் இல்லையே. அறநிலையத்துறையின் கீழ் உள்ள நிலம் மட்டும் 4.75 லட்சம் ஏக்கருக்கு மேல். நிலமும் நகையும் உண்டியலும் இருக்கிற இடத்தில் கணக்கு கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை யார் நியமிப்பது என்று கேட்ட நிமிஷமே அரசியல் ஆரம்பித்துவிடுகிறது.

வாசலுக்கும் இதே கதைதான். 1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்டவர்களும் ஒரு நாடாரும் நுழைந்தார்கள். கக்கன் அந்தக் குழுவில் இருந்தவர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு உள்ளே வரவேற்றார். அவர்கள் மேல் வழக்கு பாயாமல் இருக்க ராஜாஜி அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. பிறகு அதுவே சட்டமானது. அன்றைக்கு "அரசாங்கமே, கோயிலை விட்டு வெளியே போ" என்று சொன்னவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் எல்லாச் சாதியாரும் வடம் பிடிக்கலாமா என்ற தகராறில் பல வருஷம் ஓடாமல் நின்ற தேர், உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024-ல்தான் ஓடியது. உங்கள் பெரியப்பாவிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் ஊர்த் தேர் எந்தெந்தத் தெருவுக்குப் போகிறது? முதல் பரிவட்டம் யாருக்கு? எட்டாம் நாள் மண்டகப்படி எந்த வகையறாவுக்கு? கட்சிக்கொடி என்று ஒன்று கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே கோயிலுக்குள் இருந்த அரசியல் இது. கரைவேட்டி இல்லாததால் நமக்குக் கண்ணில் படுவதில்லை.

நம் அரசியல் சட்டம் இந்தச் சிக்கலைத் தெரிந்தேதான் எழுதப்பட்டிருக்கிறது. முகவுரையில் மதச்சார்பின்மையை 1976-ல் சேர்த்தார்கள். அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே சேர்ந்த ஒரு பிரிவு, 290-ஏ. திருவிதாங்கூரிலிருந்து 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பகுதியின் கோயில்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு ஆண்டுதோறும் 13.5 லட்சம் ரூபாய் தேவஸ்வம் நிதிக்குக் கட்ட வேண்டும் என்று அது தொகையோடு சொல்கிறது. போதாததற்கு, அறநிலையத்துறை ஆணையர் இந்து சமயத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். மதத்தையும் அரசையும் கறாராகப் பிரித்துவிட்டதாகப் பெருமைப்படும் பிரான்ஸையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1905-ல் பிரித்தார்கள். ஆனால் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயம் இன்றும் அரசாங்கச் சொத்து. அல்சேஸ் பகுதி 1905-ல் ஜெர்மனியிடம் இருந்ததால் அந்தச் சட்டம் அங்கே செல்லாது. அங்குள்ள பாதிரியாருக்குச் சம்பளம் இன்றைக்கும் பிரெஞ்சு அரசாங்கம்தான் கொடுக்கிறது.

ஆக, முழுசாகப் பிரிக்க முடியாது. பெரியப்பா தோற்றார், மச்சான் ஜெயித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். மச்சான் சொன்னதில் நியாயமான பாதி ஒன்று உண்டு. ஆளும் கட்சி எதுவானாலும் அறங்காவலர் பட்டியலில் கட்சிக்காரர் பெயர் முன்னால் வந்து நிற்பதை ஊரே பார்க்கிறது. கோயிலுக்கு இருக்கிற அளவு அரசு நிர்வாகம் தேவாலயத்துக்கு ஏன் இல்லை என்று அவர் கேட்டால், அதையும் மதவெறி என்று ஒதுக்க மாட்டேன். பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஆனால் அரசாங்கத்தின் கணக்குப் பிள்ளை வேண்டாம், கட்சியின் ஒன்றியச் செயலாளர் வரலாம் என்று முடிக்கிறாரே, அங்கேதான் அவர் வாதம் சறுக்குகிறது. கணக்குப் பிள்ளையைத் தணிக்கையில் கேள்வி கேட்கலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம். பத்திரிகையில் சிரித்துக்கொண்டிருக்கும் தலைவர் படத்தை என்ன கேட்பது? அரசு கோயிலுக்குள் வருவது கதவைத் திறந்து வைக்கவும் கணக்குப் பார்க்கவும் என்றால் சகித்துக்கொள்ளலாம். கட்சி வருவது ஓட்டுக்கு. இந்த இடத்தில் மட்டும் நான் பெரியப்பா கட்சி.

சட்டமும் இந்த இடத்தில்தான் கறாராக இருக்கிறது. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உங்களுக்கு நேராகப் பொருந்துவது இன்னொரு சட்டம்: சமய நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம். கோயில், மசூதி, தேவாலயம், குருத்துவாரா எல்லாவற்றுக்கும் பொது. கோயில் சார்பில் நடக்கும் சடங்கையோ திருவிழாவையோ ஊர்வலத்தையோ அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்த விடக் கூடாது. கோயில் பணமும் கட்சிக்குப் போகக் கூடாது. மீறினால் நிர்வாகிக்கும் அதில் தொடர்புள்ளவர்களுக்கும் ஐந்தாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ஒரு பெயரை அச்சடித்ததற்காக உங்களை நாளைக்கே பிடித்துப் போய்விடுவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. "வேண்டாம்" என்று உங்கள் வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கும்போது, சட்டம் சொல்கிறது என்று காட்ட இது கைவசம் இருக்கட்டும்.

இனி பத்திரிகை. கும்பாபிஷேகப் பத்திரிகையில் யாகசாலை நேரத்தைப் படிப்பவரைவிட, கடைசிப் பக்கத்தில் யார் பெயருக்குக் கீழே யார் பெயர், எது கொட்டை எழுத்து, எது பொடி எழுத்து என்று பார்ப்பவர்கள் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் ஒன்றியச் செயலாளருக்காகத் தனி விதி போடாதீர்கள்; அவர் அவமானப்பட்டதாக நினைப்பார், நினைத்தால் அது நியாயமும்கூட. குழுவைக் கூட்டி, உபயதாரர் எவருக்கும் பெயரும் ஊரும் தவிர வேறு எதுவும் அச்சாகாது, படம் அம்மனுக்கு மட்டும் என்று தீர்மானம் போட்டு எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். சங்கத் தலைவர், ஓய்வு பெற்ற தாசில்தார், சாதிச் சங்கச் செயலாளர் எல்லாருக்கும் அதே விதி. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'பொருளாளர்' என்பது திருப்பணிக் குழுப் பதவி, அது இருக்கலாம். தீர்மானத்தின் நகலை செயல் அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். அச்சகத்துக்குப் போகிற கையெழுத்துப் பிரதியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கடைசி நேரத்தில் படம் ஏறுவது பெரும்பாலும் அங்கேதான். ஊர் எல்லையில் அவர் சொந்தச் செலவில் ஃப்ளெக்ஸ் வைத்தால், அது அனுமதி கொடுப்பவர்கள் பாடு. கோயில் மதிலில் சாத்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பிறகு பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். போனில் பேச வேண்டாம். தாம்பூலத் தட்டோடு போய், "அண்ணே, உபயம் உங்களோடதுதான், எல்லாருக்கும் வச்ச முறை இது" என்று சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் ஊர் வேண்டும். அரிசிக்கு ரசீது போட்டு உபயக் கணக்கில் ஏற்றிவிடுங்கள். முடியாது, படம் இல்லையென்றால் அரிசியும் இல்லை என்று சொன்னால் வருத்தப்படாமல் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். வீட்டுக்கு ஒரு மரக்கால் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். முதல் மரக்காலை உங்கள் மச்சான் வீட்டில் கேளுங்கள்.